முப்பத்தொன்றும் வலது பக்கம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

போனில் மூன்று தடவை முயன்றாயிற்று. முதல் தடவை நீ எடுக்கவில்லை. இரண்டாம் தடவை “வேலையா இருக்கேன்” என்று வைத்துவிட்டாய். மூன்றாம் தடவை நான் கத்தினேன், நீயும் கத்தினாய், உன் மாமா வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். “எழுதிப் போடு. எழுதினா நடுவுல யாரும் பேச முடியாது” என்றார். சோபா தைக்கிற மனுஷன் சொல்லி, இயற்பியல் வாத்தியார் நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் வரலாற்று ஆசிரியை. “என் தம்பி” என்று அவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மேடையில் நீ உன் படலத்தை விளக்கிய விதம் எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத புரத நார்கள் சீவி விட்ட தலைமுடி போல வரிசையாகப் படுத்திருக்கின்றன. நடுவில் மோட்டார் மூலக்கூறுகள் எரிபொருளைத் தின்று நார்களை இழுத்தபடி நடக்கின்றன. வெளியிலிருந்து யாரும் தள்ளுவதில்லை. ஒடுங்கிய வாய்க்காலில் அந்தப் படலம் சும்மா கிடக்கும், அகலம் ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே ஓடத் தொடங்கும். வரலாற்று ஆசிரியைக்கே புரிந்தது. நான் பதினோரு வருடமாகத் தாளில் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கை நீ கண்ணாடியில் ஊற்றிக் காட்டினாய்.

அப்புறம்தான் சொன்னாய், “முப்பத்தொரு வாய்க்காலிலும் ஓடியது, முப்பத்தொன்றும் வலது பக்கம் ஓடியது” என்று.

நான் எழுந்துவிட்டேன். “தானா ஓடுதுன்னா பாதி இடது பக்கம் போகணுமே? எல்லாமே வலது பக்கம் போனா யாரோ தள்ளுறாங்கன்னு அர்த்தம். மேசை சாஞ்சிருக்கான்னு பாத்தியா?” அரங்கம் சிரித்தது. உன் ஆய்வகத் தலைவர் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். உன் முகத்தை நான் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது.

நீ வீட்டுக்கு வராமல் நேரே பேருந்து ஏறிவிட்டாய். நாலு பேருக்குச் சமைத்ததை மூன்று பேர் சாப்பிட்டோம். அம்மா இன்னமும் என்னோடு அளந்துதான் பேசுகிறாள்.

கேள்வி சரியான கேள்விதான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. என் கணக்குப்படி தொண்ணூறு மைக்ரான் அகலத்துக்குக் கீழே படலம் அசையக்கூடாது. உன்னுடையது எழுபதிலேயே ஓடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

கேள்வி சரி. கேட்ட இடம்தான் எரிகிறது. முந்தைய நாள் ராத்திரி உன் வீட்டுச் சமையலறையில் இரண்டு மணி நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது என் படங்களை எடுத்துக் காட்டினேன். நீ பாத்திரம் கழுவிக்கொண்டே “ம், ம்” என்றாய். அங்கே கேட்டிருந்தால் நானே மேடையில் அதைச் சொல்லி, பதில் தேடுகிறேன் என்று சொல்லியிருப்பேன். நூற்றைம்பது பேர் முன்னால் நீ கேட்டபோது நான் ஆறாம் வகுப்பு மாணவனாகிவிட்டேன்.

இதையும் தெரிந்துகொள். ஜூலையோடு என் வேலை முடிகிறது. நீட்டிப்பு வேண்டுமென்றால் கையில் ஒரு கட்டுரை இருக்க வேண்டும். அந்த முப்பத்தொன்றை வைத்து எழுதிய கட்டுரை இப்போது ஒரு பத்திரிகையின் மேசையில் இருக்கிறது. திரும்பி வந்த நாளிலிருந்து தலைவர் என்னிடம் “மேசை எப்படி இருக்கு?” என்றுதான் விசாரிக்கிறார்.

மேசை நன்றாக இருக்கிறது. ரசமட்டம் வைத்து நாலு மூலையும் பார்த்தேன். அதோடு விடவில்லை. வாய்க்கால்கள் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை அப்படியே மேசைமேல் அரைச்சுற்றுத் திருப்பி வைத்தேன். மேசை தள்ளினால் ஓட்டம் பழைய திசையிலேயே, சன்னலைப் பார்த்து, போக வேண்டும். போகவில்லை. ஸ்லைடோடு சேர்ந்து ஓட்டமும் திரும்பி, கதவைப் பார்த்து ஓடியது. ஐந்து ஸ்லைடிலும் அப்படித்தான்.

ஆக மேசை குற்றவாளி இல்லை என்று உன் வரலாற்று ஆசிரியையிடம் சொல்லிவிடு. ஸ்லைடுக்குள் ஏதோ இருக்கிறது. என்ன என்று தெரியவில்லை. தெரியாது என்பதை எழுதும்போது கை வலிக்கிறது.

அம்மாவுக்கு என் அன்பு. மாமாவுக்கும்.

தம்பி


மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

“அன்புள்ள” என்ற வார்த்தை இல்லாமல் வந்த உன் கடிதத்தை அம்மா முதலில் படித்துவிட்டு, “நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா?” என்று என் கையில் கொடுத்தாள். கட்டிக்கொண்டேன். சமையலறையில் நீ படங்களைக் காட்டியபோது நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது உண்மை. என் தம்பி வந்திருக்கிறான் என்ற சந்தோஷத்தில் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தைப் பார்க்கவில்லை. இது சாக்கு மாதிரித்தான் தெரியும். போகட்டும்.

ஸ்லைடோடு ஓட்டம் திரும்பியது என்ற வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. அழகான சோதனை. உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இப்போது முக்கியமானது. நேற்று மாமாவின் பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு அம்மாள் வெல்வெட் சோபாவைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “பாதி கறுப்பா இருக்கு, பாதி வெளுப்பா இருக்கு. ரெண்டு துணி போட்டு ஏமாத்திட்டீங்க!” மாமா உள்ளங்கையால் ஒரு பக்கத்தைத் தடவிவிட்டார். கறுத்தது. எதிர்ப்பக்கம் தடவினார். வெளுத்தது. “ஒரே துணிதாம்மா. நாரு படுத்திருக்கிற பக்கம் வேற. வெட்டுறவன் ஒரு துண்டைத் தலைகீழா வெச்சிட்டான்” என்றார்.

நான் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் நார்களும் அப்படித்தானே? கண்ணாடியை ஏதோ ஒன்று ஒரு பக்கமாகத் தடவியிருந்தால், நார்கள் அந்தத் தடவலைப் பார்த்து ஒரு துளி சாய்ந்து படுக்கும். ஓடத் தயாராக நிற்கும் படலத்துக்கு அந்த ஒரு துளி போதும். இடமா வலமா என்று தெரியாமல் நடுவில் நிற்கிறவனிடம் யாராவது இருமினால்கூட அவன் அந்தப் பக்கம் போய்விடுவான். இதில் நல்ல செய்தி என்னவென்றால், தடவல் படலத்தைத் தள்ளுவதில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கிறது. ஓடுவது தானாகத்தான் ஓடுகிறது. நீ சொன்னதில் முக்கால்வாசி சரியாக இருக்கலாம்!

அதனால் உடனே எழுது. வாய்க்காலை ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியை யார் துடைக்கிறார்கள்? எதை வைத்து? எந்தக் கையால்? எந்தத் திசையில்?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான் துடைக்கிறேன்.

உன் கடிதம் கையில் இருக்கும்போதே ஒரு கண்ணாடியை எடுத்து வழக்கம்போலத் துடைத்துப் பார்த்தேன். வலது கை. லென்ஸ் துடைக்கிற துணி. கீழே இடது மூலையில் தொடங்கி மேலே வலது மூலைக்கு, சாய்வாக, ஒரே வீச்சு. எப்போதும் அதே வீச்சு. முப்பத்தொரு தடவையும் அதேதான். இரண்டு வருடமாக என் ஆராய்ச்சியின் முடிவை என் தோள்பட்டை எழுதியிருக்கிறது!

கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டு, தலைவரின் அறைக்குப் போனேன்.

“ஜூலைல உன் வேலை முடியுது, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“இருந்துமா வாபஸ் வாங்கினே?”

“எந்தப் பக்கம் ஓடணும்னு என் கை முடிவு பண்ணியிருக்கு சார். அதைத் தானா நடந்ததுன்னு எழுதியிருக்கேன். அது தப்பு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த மேசையில் ஒரு பெண் வேலை செய்கிறாள், ஆய்வுக்கு உயிர்ச்செல்கள் வளர்ப்பவள். இடது கைப் பழக்கம். அதனால் எல்லோரும் அவளை லெஃப்ட் என்றுதான் கூப்பிடுவார்கள், அவளே போனில் “லெஃப்ட் பேசறேன்” என்பாள். நான் துணியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து விசாரித்தாள். கேட்டு முடித்ததும் துணியைப் பிடுங்கி, “தள்ளுங்க, நான் துடைக்கிறேன்” என்றாள். லெஃப்ட் துடைப்பது முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் என் வீச்சு மாதிரி, அப்படியே எதிர்ச் சாய்வு.

இருபத்துநான்கு வாய்க்கால். இருபத்திரண்டு இடது பக்கம் ஓடின!

அக்கா, அந்த அறையில் நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தது. உன் வெல்வெட் சரி. மாமாவின் கையை என் சார்பில் பிடித்துக் குலுக்கு.

பிறகு துணியே வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஊறவைத்துக் கழுவி, காற்றை மட்டும் அடித்து உலர்த்தினோம். லெஃப்ட் ஒரு பக்கம் எண்ண, நான் ஒரு பக்கம் எண்ண, ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காமல் நாற்பது வாய்க்கால். பத்தொன்பது இடது. இருபத்தொன்று வலது. அவள் தாளும் என் தாளும் ஒன்றையேதான் சொல்லின.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தானாகத்தான் ஓடுகிறது, அக்கா. யாரும் தள்ளவில்லை, யாரும் வழியும் காட்டவில்லை. அது ஓடுகிறது.

இனி என் முறை. கழுவி உலர்த்திய கண்ணாடியிலும் எழுபது மைக்ரான் ஓடுகிறது. அறுபது ஓடவில்லை, மூன்று நாள் வைத்துப் பார்த்தும் அசையவில்லை. உன் தொண்ணூறு எங்கேயிருந்து வந்தது? நான் நூற்றைம்பது பேர் முன்னால் கேட்கவில்லை, கடிதத்தில் கேட்கிறேன். கவனித்தாயா?

உன் தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

கவனித்தேன்.

முதலில் உன் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அந்த இடத்தைப் படித்துவிட்டு மாமா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா, “அவன் அப்படித்தான் செய்வான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நானும் அப்படிச் செய்வேனா என்று எனக்கு அப்போது சந்தேகமாக இருந்தது. ஆறு நாளில் தெரிந்துபோயிற்று.

உன் எழுபதும் அறுபதும் என்னைத் தூங்க விடவில்லை. பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய நோட்டு, பதினான்காம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. சமன்பாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும்போது ஓர் இரண்டைக் கீழே போட்டுவிட்டேன். அவ்வளவுதான். ஒரே ஓர் இரண்டு. அதன் வர்க்கமூலத்தால் தொண்ணூறை வகுத்தால் என்ன வரும்? அறுபத்துநான்குக்கு ஒரு நூல் கீழே. உன் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில், சொல்லிவைத்தது போல!

நான் சிரித்த சிரிப்பில் அம்மா ஓடி வந்தாள். “என்னடி ஆச்சு?”

“பதினோரு வருஷமா தப்பாப் போட்டிருக்கேம்மா.”

“அதுக்கா சிரிக்கிறே?”

அதற்குத்தான் சிரித்தேன். என் கணக்கு தப்பு என்று தெரிந்த அதே நிமிடத்தில், அது எவ்வளவு சரி என்றும் தெரிந்தது. நீ உன் மேசையில் எண்ணியதும் நான் என் தாளில் போட்டதும் ஒரே இடத்தில் வந்து நின்றன. இதற்காக இன்னொரு இரண்டையும் கீழே போடலாம்.

அந்தத் தொண்ணூறை ஒன்பது பேர் எடுத்துத் தங்கள் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் தனித்தனியாக எழுதிவிட்டேன். பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். வகுப்பில் பலகையில் அந்த ஆறாவது வரியைப் போட்டு, “தப்பைக் கண்டுபிடிங்க” என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி நாலு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். பதினோரு வருடம் எங்கேயிருந்தாளோ.

இப்போது சொல்ல வேண்டியது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உன்னைக் கேட்டேனே, அப்போது என் மனதில் இருந்த எண்ணே தப்பு. அந்தத் தப்பான எண்தான் எனக்கு அவ்வளவு தைரியம் கொடுத்தது. மன்னித்துவிடு. இதை எந்த ‘ஆனால்’ சேர்க்காமலும் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி: உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். அறிவியல் வரும் இடங்களில் கைவேலையைப் பார்த்தாள், அந்தப் பெண் வரும் இடங்களில் நிமிர்ந்தாள். “அடுத்த மேசைன்னா எவ்வளவு பக்கத்துல?” என்று கேட்கச் சொல்கிறாள். நான் கேட்கவில்லை. அம்மா கேட்கிறாள்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மன்னிப்புக் கேட்ட பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைக்கப் போட்டபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. ஆக அது இப்போது இல்லை. அதையே பதிலாக வைத்துக்கொள்.

உன் அறுபத்துநான்குக்குப் பரீட்சை வைத்தோம். இரண்டு மைக்ரான் இடைவெளியில் புது அச்சு செய்யப் பத்து நாள் பிடித்தது. தலைமுடி ஒன்றின் பருமனைவிடக் குறைவான வாய்க்கால்கள் இவை. அறுபத்திரண்டு: அசையவே இல்லை. அறுபத்தாறு: ஓடுகிறது, பாதிக்குப் பாதி இடமும் வலமுமாக. அறுபத்துநான்குதான் வேடிக்கை. கொஞ்சம் வளைகிறது, நிமிர்கிறது, மறுபடி வளைகிறது, போகவா வேண்டாமா என்று வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி.

முந்தாநாள் தலைவர் வந்து இதைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. “இந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தது யாரு?” என்றார்.

“எங்க அக்கா.”

“மேசை சாஞ்சிருக்கான்னு கேட்டாங்களே, அவங்களா?”

“அவங்கதான் சார்.”

“அன்னிக்கே என் நோட்டுல குறிச்சுக்கிட்டேன், இந்த அம்மாவோட சேர்ந்து வேலை செய்யணும்னு.” அப்படிச் சொல்லிவிட்டு, எழுந்து போகிற போக்கில், “உனக்கு ரெண்டு வருஷம் நீட்டிச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போ” என்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். லெஃப்ட்தான் என்னைப் பிடித்து உலுக்கி அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

அக்கா, யோசித்துப் பார்த்தேன். நீ பதினோரு வருடமாக இதைப் போட்டுக்கொண்டிருக்கிறாய். கண்ணால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. திரையில் படம் பார்த்திருப்பாய், அது வேறு. இருபதாம் தேதி கிளம்பி வா. அறுபத்தாறு மைக்ரானில் புதுப் படலம் ஒன்று உனக்காக ஊற்றி வைக்கிறேன். நீ பார்க்கும்போதுதான் அது ஓடத் தொடங்க வேண்டும்.

அம்மாவிடம் சொல், அடுத்த மேசை என்றால் அடுத்த மேசைதான்.

உன் தம்பி


மே 25

என் தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் சன்னலோரம் கிடைத்தது. உன் வீட்டுச் சாவி என் பையிலேயே வந்துவிட்டது, தபாலில் அனுப்புகிறேன். அதுவரை பூட்டை உடைக்காதே.

போனில் நீ அனுப்பிய இரண்டு கேள்வியில் முதலாவதற்குப் பதில். ஆமாம், லெஃப்ட் என்னிடம் பேசினாள். நீ டிக்கெட் வாங்கப் போயிருந்தபோது, ரயில் நிலையத்தில், என் பையைக் கையில் பிடித்தபடியே.

“அக்கா, உங்க தம்பிகிட்ட கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னார்.”

“எப்போ கேட்டேம்மா?”

“போன செவ்வாக்கிழமை.”

“இன்னுமா யோசிக்கிறான்?”

“இல்ல, அன்னிக்கே அஞ்சு நிமிஷத்துல சரின்னுட்டார். உங்ககிட்ட சொல்லத்தான் பயம்.”

எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சில் தூங்கியவர் எழுந்துவிட்டார். என்னிடம் என்னடா பயம்? மேசை சாய்ந்திருக்கிறதா என்று கேட்பேன் என்றா? எனக்கு அவளைப் பார்த்த பத்தாவது நிமிடமே பிடித்துவிட்டது. நீ ஏதோ விளக்கும்போது “அது அப்படி இல்ல” என்று முகத்துக்கு நேரே சொன்னாளே, அப்போதே. வீட்டில் சொல்லியாயிற்று. அம்மா உடனே அலமாரியைத் திறந்து எந்தப் புடவை என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள். மாமா உங்களுக்கு ஒரு சோபா செய்கிறாராம். வெல்வெட் வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்த பிறகு நான் ஏன் ஒன்றுமே பேசவில்லை, பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தாய்.

விளக்கை அணைத்தீர்கள். நான் கண்ணை வைத்தேன். பச்சையாக ஒளிரும் நார்கள், அத்தனையும் நேராக, வாய்க்காலின் சுவருக்கு இணையாக. ஒன்றும் நடக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது, இருட்டில் உன்னவள், “மூச்சு விடுங்கக்கா, அதுக்குக் காத்து படாது” என்றாள். விட்டேன். அப்போது நடுவில் லேசாக ஒரு வளைவு. நாணேற்றத் தொடங்கிய வில் போல, இரண்டு சுவரிலும் ஒன்றுமில்லாமல், நடுவில் மட்டும் கொஞ்சம் கூடி. தம்பி, அந்த வளைவை நான் கையால் வரைந்திருக்கிறேன். பலகையில், நோட்டில், பேருந்து டிக்கெட்டின் பின்னால், எத்தனையோ தடவை. எந்த வளைவு முதலில் வரும் என்று சமன்பாடு சொல்கிறதோ, அதுவே வந்தது. அப்புறம் மொத்தப் படலமும், யாரோ கூப்பிட்ட மாதிரி, நகரத் தொடங்கியது.

வாயைத் திறந்திருந்தால் உன் தலைவர் முன்னால் அழுதிருப்பேன். அதனால்தான் பேசவில்லை. பிடிக்காமல் இல்லை.

நேற்றுக் காலை முதல் வகுப்பு. நடத்த வேண்டிய பாடம் வேறு. சாக்பீஸை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரமும் இதையே சொன்னேன்: துணி, கண்ணாடி, என் இரண்டு, இருட்டு அறை, வளைவு, ஓட்டம். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி பெஞ்சுக்காரி கையைத் தூக்கினாள்.

“மேடம், அது எந்தப் பக்கம் போச்சு?”

“இடது பக்கம்” என்றேன்.

ஏனென்று தெரியவில்லை, மொத்த வகுப்பும் கைதட்டியது. நானும் சேர்ந்து தட்டினேன்.

அக்கா